பாக்டீரியா செல்லைப் பக்குவமாக உடைக்க எந்தக் கருவி வாங்கலாம்?

உயிர் உரங்களை விலைக்கு வாங்கி இட்டு வந்த நிலை மாறி, இன்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கிராமப்புற இளைஞர்களும் சொந்தமாக நுண்ணுயிர் ஆய்வகம் அமைக்க முன்வருகின்றனர். தம் வயல் மண்ணிலிருந்தே நல்ல பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதன் திறனைச் சோதித்து, பெருக்கி, உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டும் என்பது இவர்கள் நோக்கம். ஆனால் கருவிகள் வாங்க அமரும்போது ஒரு கேள்வி எழுகிறது. பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் நொதியையோ மரபுப் பொருளையோ சோதிக்க வேண்டுமானால் செல்லை உடைக்க வேண்டுமே, அதற்கு ஏற்ற கருவி எது? சோனிகேட்டர், மணி அரவைக் கருவி, உயர் அழுத்தக் கருவி என்று பல உள்ளன. இவற்றுள் சில லட்சக்கணக்கில் விலை பெறுவன.

தவறான கருவியால் பணம் மட்டும்தான் நட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். உவர் நிலத்திலிருந்து அரும்பாடுபட்டுப் பிரித்தெடுத்த நல்ல பாக்டீரியா ஒன்றை முரட்டுத்தனமாக உடைத்தால், அதன் நொதி சூட்டில் கெட்டுவிடும். சோதனையில் 'திறன் இல்லை' என்று முடிவு வரும். விதையை வறுத்துவிட்டு முளைப்புச் சோதனைக்கு வைப்பதைப் போன்றது இது. கருவியின் குற்றம் பாக்டீரியாவின் தலையில் விழுந்து, உங்கள் மண்ணுக்கே உரிய நல்ல இனம் ஒன்று குப்பைக்குப் போகும்.

உடைக்கத்தான் வேண்டுமா?

கருவியைப் பற்றிக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள். எனது அனுபவத்தில், கிராமப்புற ஆய்வகத்துக்கு வரும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செல்லை உடைக்கும் இயந்திரமே தேவைப்படுவதில்லை.

உயிர் உரத்தை எடுத்துக் கொள்வோம். ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா முதலிய உயிர் உரங்கள் 2006ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. அதில் கேட்கப்படுவது உயிருள்ள செல்களின் எண்ணிக்கையே. பொடி உரமானால் கிராமுக்கு 5 கோடி, திரவ உரமானால் மில்லிலிட்டருக்கு 10 கோடி என்ற அளவில் உயிருள்ள செல்கள் இருத்தல் வேண்டும். அவற்றை எண்ணுவதற்கு ஊடகம் ஊற்றிய தட்டுகளும், நீர்த்தல் செய்யப் பிப்பெட்டும், வளர்ப்பு அறையும் போதும். இங்கே உடைந்த செல் என்பது இழந்த செல்தான்.

காய்ப்புழுக்களை அழிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவைப் பெருக்குவோருக்கும் இதையே கூறலாம். 1901இல் ஜப்பானில் இஷிவாடா என்பவர் நோயுற்ற பட்டுப்புழுக்களிலும், 1911இல் ஜெர்மனியில் பெர்லினர் என்பவர் மாவு அந்துப்பூச்சியின் புழுவிலும் இதனைக் கண்டறிந்தனர். துரிங்கியா என்ற ஊர்ப்பகுதியின் பெயரே பாக்டீரியாவின் பெயரில் நிற்கிறது. புழுவைக் கொல்லும் புரதப் படிகம் இதன் செல்லின் உள்ளேதான் உருவாகிறது. ஆயினும் உணவு தீர்ந்து ஸ்போர் முற்றியவுடன் தாய்ச் செல் தானாகவே கரைந்து, ஸ்போரையும் படிகத்தையும் வெளியே விட்டுவிடுகிறது. முற்றிய எள்ளுக்காய் தானே வெடிப்பதைப் போல! நாம் செய்ய வேண்டியது காத்திருப்பது ஒன்றே. அவசரப்பட்டு முன்னதாக உடைத்தால் முற்றாத படிகமே கிடைக்கும்.

பூஞ்சாணத்தின் சுவரை அரிக்கும் கைட்டினேஸ் போன்ற நொதிகளைப் பாக்டீரியா தானே வெளியே சுரந்துவிடும். வளர்ப்புத் திரவத்தை மையவிலக்குக் கருவியில் சுழற்றி, மேலே தெளிந்த நீரை எடுத்தால் நொதி அதில் இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தும் நைட்ரோஜினேஸ் நொதியோ இதற்கு நேர் எதிர். அது செல்லின் உள்ளே இருப்பது. பிராணவாயு பட்டால் கெட்டுவிடுவது. சிறிய ஆய்வகத்தில் அதனை வெளியே எடுக்க முயல வேண்டாம். உயிருள்ள செல்லுக்கு அசிட்டிலீன் வாயுவைக் கொடுத்து, அது எத்திலீனாக மாறும் அளவைக் கணக்கிட்டே அதன் திறனை அறிகின்றனர்.

நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் போன்ற கிருமிகளை மரபுப் பொருள் சோதனையால் அறிய விரும்புவோர் உண்டு. இதற்கும் விலை உயர்ந்த கருவி தேவையில்லை. தூய வளர்ப்பிலிருந்து ஒரு சிறு துளி செல்லை 100 மைக்ரோலிட்டர் தூய நீரில் கலக்கி, கொதிநிலையில் 10 நிமிடம் வைத்து, குளிர்வித்துச் சுழற்றினால், மேல் நீரில் சோதனைக்குப் போதுமான டி.என்.ஏ. கிடைத்துவிடும். கொதிக்க வைத்தால் புரதம் வெந்துவிடும் என்பது உண்மையே. இங்கே நமக்குப் புரதம் வேண்டியதில்லை. மாறாக, இந்த வேலைக்குச் சோனிகேட்டரைப் பயன்படுத்தினால் டி.என்.ஏ. இழைகள் துண்டு துண்டாக நறுக்கப்பட்டுவிடும்.

ஆகவே, செல்லுக்கு உள்ளே இருந்து, செயல்படும் நிலையில் வேண்டிய நொதி அல்லது புரதத்திற்கு மட்டுமே பக்குவமான உடைப்பு தேவை என்று அறிக. இனி அதைப் பார்ப்போம்.

சுவரின் தன்மை

பாக்டீரியாவின் செல் ஒன்று முதல் சில மைக்ரான் நீளமே உள்ளது. ஆயினும் அது காற்று அடைத்த டயரைப் போல விறைப்பாக இருக்கிறது. லாரி டயரில் அடைக்கும் காற்று ஏறத்தாழ 8 பார் அழுத்தம் என்றால், தடித்த சுவருள்ள பாக்டீரியாக்களின் உள் அழுத்தம் 20 பார் வரையிலும் கூட இருக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்குவது செல் சுவர்.

1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்ற மருத்துவர் கண்ட சாயமேற்றும் முறையால் பாக்டீரியாக்களை இரு பிரிவாகப் பிரிக்கிறோம். பேசில்லஸ் போன்ற கிராம் பாசிடிவ் வகைக்குச் சுவர் தடிமன். சூடோமோனாஸ், ரைசோபியம், அசோஸ்பைரில்லம் போன்ற கிராம் நெகடிவ் வகைக்குச் சுவர் மெல்லியது. ஆனால் அதன்மேல் கொழுப்பாலான வெளியுறை ஒன்று போர்த்தியிருக்கும். இயந்திரத்தால் உடைக்கும்போது முதல் வகை கடினம், இரண்டாவது எளிது. நொதியால் கரைக்கும்போது இது தலைகீழாகும். தடித்த சுவர் வெளிப்படையாக இருப்பதால் நொதி நேரே பற்றிக்கொள்ளும்; மெல்லிய சுவரை வெளியுறை மறைத்துக்கொள்ளும்.

உங்கள் பாக்டீரியா எந்த வகை என்பதைச் சாயமின்றியே அறியலாம். கண்ணாடி வில்லையில் 3 சத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, ஊடகத்தில் வளர்ந்த புதிய செல்லைக் கம்பி வளையத்தால் எடுத்து அதில் அரை நிமிடத்துக்கு மேல் நன்கு கலக்கவும். பின்னர் வளையத்தை மெல்ல உயர்த்தவும். வெண்டைக்காய்ச் சாற்றைப் போல இழை இழுத்தால் கிராம் நெகடிவ். நீராகவே இருந்தால் கிராம் பாசிடிவ். காரத்தில் செல் உடைந்து வெளிவந்த டி.என்.ஏ.வே அந்த இழை. கண்ணெதிரே நடக்கும் செல் உடைப்பு என்றே இதைச் சொல்லலாம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும். கையுறை அணிந்து கையாளவும்.

உடைக்காமல் திறப்பது

வறட்சியிலும் உவரிலும் பயிரில் எத்திலீன் மிகுந்து வேர் வளர்ச்சி குன்றும். எத்திலீன் உண்டாவதற்கு முன்நிலையான ஏ.சி.சி. என்ற பொருளைச் சிதைக்கும் நொதி சில பாக்டீரியாக்களில் உள்ளது. சூடோமோனாஸ் இனங்கள் பலவற்றிலும், இலைமேல் வாழும் இளஞ்சிவப்பு மெத்திலோபாக்டீரியாக்கள் சிலவற்றிலும் இது உண்டு. உவர் நிலத்து உழவர்களுக்கு இத்தகைய பாக்டீரியாவே வேண்டும் என்பதால், இந்நொதியைச் சோதிக்க விரும்பும் குழுக்களும் இருக்கும். இது செல்லின் உள்ளே இருக்கும் நொதி.

ஆனால் இதற்கு இயந்திரம் வேண்டாம். கழுவித் திரட்டிய செல்லைத் தாங்கல் கரைசலில் கலக்கி, 600 மைக்ரோலிட்டருக்கு 30 மைக்ரோலிட்டர் டொலுயீன் சேர்த்து, சுழல் கலக்கியில் 30 வினாடி வைத்தால் போதும். டொலுயீன் சவ்விலுள்ள கொழுப்பைக் கலைத்துச் சிறு துளைகளை உண்டாக்கும். ஏ.சி.சி. உள்ளே செல்லும், சிதைந்த பொருள் வெளியே வரும், நொதி இருந்த இடத்திலேயே வேலை செய்யும். பூட்டை உடைக்காமல் சன்னலைத் திறந்து பார்ப்பது போன்றது. விளைந்த பொருளுக்கு நிறமேற்றி, 540 நானோமீட்டரில் நிறமானியில் அளக்கலாம். சுழல் கலக்கியும் நிறமானியும் எந்த ஆய்வகத்திலும் இருக்க வேண்டியவையே. டொலுயீன் தீப்பற்றக்கூடியது, அதன் ஆவி நச்சு. அடுப்பு, பர்னர் அருகில் வேண்டாம். காற்று உறிஞ்சும் புகைப் பெட்டிக்குள் வைத்துச் செய்யவும்.

நொதியையே தனியாக எடுக்க வேண்டுமானால் அடுத்து நாட வேண்டியது லைசோசைம். 1922இல் இதனைக் கண்டறிந்தவர் பெனிசிலினைப் பின்னர் கண்ட அதே பிளெமிங்தான். முட்டையின் வெள்ளைக் கருவில் உள்ள புரதத்தில் 100க்கு மூன்றரைப் பங்கு லைசோசைமே. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் சேர்த்து, பேசில்லஸ் வகைக்கு 37 டிகிரி சென்டிகிரேடிலோ, நொதி மென்மையானதாயின் பனிக்கட்டிமேலோ அரை மணி நேரம் வைத்தால் சுவர் கரையத் தொடங்கும். கிராம் நெகடிவ் வகைக்கு இத்துடன் சிறிது ஈ.டி.டி.ஏ. சேர்த்தால்தான் வெளியுறை தளரும். ஈ.டி.டி.ஏ. உலோகத்தைப் பிடுங்கும் பொருள். எனவே துத்தநாகம், மாங்கனீசு போன்றவற்றை நம்பியிருக்கும் நொதிகள் அதனால் செயல் குன்றலாம். மிகக் குறைவாகச் சேர்த்துப் பார்க்கவும்.

முட்டையை உடைத்து வெள்ளைக் கருவையே ஊற்றினால் ஆகாதா என்று சிலர் கேட்பர். சுவர் கரையலாம். ஆனால் வெள்ளைக் கருவின் பிற புரதங்கள் எல்லாம் கலந்து, உங்கள் நொதியை அளக்க முடியாமல் செய்துவிடும். தூய பொடியாகவே வாங்கவும்.

கிராம் நெகடிவ் செல்லின் வெளியுறைக்கும் உட்சவ்வுக்கும் இடையில் ஒரு சந்து உண்டு. பாஸ்பேட்டைப் பிரிக்கும் காரப் பாஸ்பேட்டேஸ் நொதி அங்கேதான் தங்கியிருக்கும். அதை எடுக்க முழுச் செல்லையும் உடைப்பது, திண்ணையில் இருப்பவரை அழைக்க வீட்டை இடிப்பதாகும். 20 சத சர்க்கரைக் கரைசலில் சிறிது ஈ.டி.டி.ஏ. சேர்த்துச் செல்லைச் சற்று நேரம் வைத்து, சுழற்றித் திரட்டி, பின் திடீரென்று பனிக்குளிர் நீரில் போட்டால், நீர் உட்புகும் அதிர்ச்சியில் சந்திலுள்ள நொதி மட்டும் வெளிவந்துவிடும். உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான பிற புரதங்கள் கலக்காததால் நொதி பாதி சுத்தமாகவே கிடைக்கும் என்பது இதன் தனிச்சிறப்பு.

உறைய வைத்து உருக்குதலும் எளிய முறையே. குளிர்பெட்டியில் உறைந்த தக்காளி உருகியபின் நீர் விட்டுத் தொய்வதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று நான்கு முறை செய்தால் கிராம் நெகடிவ் செல்கள் ஓரளவு கசியும். தடித்த சுவருள்ளவை அசைந்து கொடுப்பதில்லை. சில புரதங்கள் உறைதலையே தாங்குவதில்லை. லைசோசைமுக்கு முன் ஒருமுறை உறைய வைத்து உருக்கிக்கொள்வது நல்ல துணை. தனியே இதை நம்ப வேண்டாம்.

இயந்திரங்கள்

மேற்கூறியவை போதாமல், அடிக்கடி பல மாதிரிகளை உடைக்க வேண்டிய நிலை வந்தால் இயந்திரம் பற்றி யோசிக்கலாம்.

சோனிகேட்டர் பெரிதும் விற்கப்படுவது. இதன் டைட்டானியம் முனை வினாடிக்கு 20,000 முறை அதிர்கிறது. திரவத்தில் நுண்ணிய குமிழிகள் தோன்றித் தோன்றி நொறுங்குகின்றன. அந்த அதிர்ச்சியில் செல் கிழிகிறது. நீர் இறைக்கும் பம்பு அளவுக்கு மீறிய ஆழத்திலிருந்து உறிஞ்சும்போது சரளை கொட்டியதுபோல் சத்தமிட்டு, நாளடைவில் இம்பெல்லர் குழி குழியாக அரிந்துபோவதை அறிவீர்கள். அதே குமிழிதான் இங்கும் வேலை செய்கிறது. சோனிகேட்டரின் முனையும் அவ்வாறே அரியும். மாற்று முனையின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

இதனைப் பக்குவமாகவும் பயன்படுத்தலாம், பாழாக்கவும் செய்யலாம். 10 மி.லி. செல் கரைசலைக் குறுகிய குவளையில் எடுத்து, பனிக்கட்டியும் நீரும் கலந்த தொட்டியில் நிறுத்தி, முனையை ஒரு செ.மீ. அளவு அமிழ்த்தி, 10 வினாடி இயக்கி 30 வினாடி நிறுத்த வேண்டும். இயங்கும் நேரம் மட்டும் மொத்தம் ஒன்றிரண்டு நிமிடம் ஆனால் கிராம் நெகடிவ் செல்கள் பெரும்பாலும் உடைந்திருக்கும். நுரை கிளம்பினால் உடனே நிறுத்தவும். நுரையில் சிக்கும் புரதம் உருக்குலைந்துவிடும். தானாக நிறுத்தி இயக்கும் கடிகார அமைப்பு இல்லாத சோனிகேட்டரை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம். கண்ணாடிப் பொருள் கழுவும் மீயொலித் தொட்டியைச் செல் உடைக்கவும் ஆகும் என்று காட்டுவோர் உண்டு. அதன் வலு பாக்டீரியாவுக்குப் போதாது.

மணி அரவைக் கருவியில் 0.1 மி.மீ. கண்ணாடி மணிகளுடன் செல்லைச் சேர்த்து வேகமாகக் குலுக்குவர். மணியின் அளவு முக்கியம். 0.5 மி.மீ. மணி ஈஸ்ட்டுக்கு உரியது. பாக்டீரியா அதன் இடுக்கில் தப்பிவிடும். பேசில்லஸ் போன்ற தடித்த சுவருக்கு இது சோனிகேட்டரைவிட ஏற்றது. ஒரே சமயத்தில் பல மாதிரிகளைக் குலுக்கலாம் என்பதும் ஒரு வசதி. ஆனால் உரசலால் சூடு ஏறும். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து குலுக்காமல் இடையிடையே பனிக்கட்டியில் வைக்கவும். மாதத்தில் இரண்டு மூன்று மாதிரி மட்டும் வருமானால், சித்த மருத்துவர் வைத்திருப்பதைப் போன்ற பீங்கான் கல்வம் ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, செல் எடையைப்போல் இரு மடங்கு அலுமினாத் தூளுடன் அரைத்தாலும் வேலை முடியும். பழைய முறைதான்; கைதான் வலிக்கும்.

உயர் அழுத்தக் கருவிகள் மூன்றாவது வகை. பால் பண்ணையில் கொழுப்புத் துளிகளை உடைக்கும் ஹோமோஜினைசரே இதன் மூதாதை. கோலின் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கு 1899இல் காப்புரிமை பெற்றார். பாலுக்கு 150 முதல் 200 பார் போதும். பாக்டீரியாவுக்கு 500 முதல் 1,500 பார் வேண்டும். 10 மீட்டர் நீர் ஆழம் ஒரு பார் அழுத்தம் என்று கொண்டால், 1,000 பார் என்பது 10 கிலோமீட்டர் ஆழக் கடலின் அழுத்தம்! எனவே, பால் பண்ணைக் கருவி பழையதாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் பயனில்லை. பிரெஞ்சு பிரஸ் என்பதும் இதே தத்துவத்தில் சிறு அளவுக்கு ஆனது. பெயரைக் கண்டு பிரான்சு நாட்டது என்று எண்ண வேண்டாம். தாவர ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்த பிரெஞ்சு என்ற அமெரிக்க அறிஞரின் பெயர் அது. குளிரவைத்த எஃகு உருளையிலிருந்து 1,400 பார் அழுத்தத்தில் ஊசித் துளை வழியே செல் கரைசல் சொட்டுச் சொட்டாக வரும்போது, ஒரே அதிர்ச்சியில் செல் பிளந்துவிடும். மீண்டும் மீண்டும் அடிபடாததால் பெரிய புரதக் கூட்டுகளும் சவ்வுத் துண்டுகளும் சிதையாமல் கிடைக்கும்.

அழுத்தமும் சூடாகவே மாறும் என்பதை மறக்கலாகாது. ஒவ்வொரு 100 பாருக்கும் திரவத்தின் வெப்பம் ஏறத்தாழ 2.4 டிகிரி உயரும். 4 டிகிரியில் உள்ளே சென்ற கரைசல் 1,000 பாரில் வெளிவரும்போது 28 டிகிரியாக இருக்கும். குளிர்விக்காமல் இரண்டாம் முறை செலுத்தினால் 50 டிகிரியைத் தாண்டும். பல நொதிகள் அங்கேயே முடிந்துவிடும். லிட்டர் கணக்கில் நொதி எடுப்போருக்கு மட்டுமே இந்தக் கருவி பொருந்தும்.

முதலில் குளிர்ச்சி

செல் உடைந்த கணத்தில், அதுவரை தனித்தனியே இருந்த புரதச் சிதைப்பு நொதிகளும் வெளியே வந்துவிடுகின்றன. பப்பாளிப் பால் தடவிய இறைச்சி மெத்தென்று ஆவதைப் போல, உங்கள் புரதத்தையும் அவை தின்னத் தொடங்கும். இதைத் தடுக்க எளிய வழி குளிர்ச்சியும் வேகமுமே. ஆகையால், கையில் உள்ள பணத்தில் உடைக்கும் கருவி அல்லது குளிரூட்டிய மையவிலக்குக் கருவி இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், இரண்டாவதையே வாங்கவும். செல்லைத் திரட்டவும், உடைத்தபின் கசடு நீக்கவும், உயிர் உரச் சோதனைக்கும் அது தினமும் உதவும்.

பனிக்கட்டித் துண்டுகளில் மட்டும் குவளையை வைத்தால் இடையில் காற்று நிற்கும். சிறிது நீர் ஊற்றினால்தான் குளிர் முழுதும் பற்றும். குல்பி விற்பவர் ஐஸில் கல்லுப்புப் போடுவதைப் போல உப்புச் சேர்த்தால் இன்னும் குளிரும். அப்போது இயந்திரம் நிற்கும் இடைவேளையில் மாதிரி உறைந்துவிடாமல் கவனிக்கவும்.

வாங்கும் முன்

விற்பனையாளரிடம் உங்கள் சொந்தப் பாக்டீரியாவைக் கொடுத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு அரை நிமிட இயக்கத்துக்குப் பின்னும் சிறிது எடுத்து, மூன்று சோதனை செய்யவும். கலங்கிய கரைசல் தெளிகிறதா என்று நிறமானியில் 600 நானோமீட்டரில் பாருங்கள். சுழற்றி எடுத்த மேல் நீரில் புரதம் எவ்வளவு என்று பிராட்போர்டு நீலச் சாயத்தால் அளவிடுங்கள். நொதியின் திறனையும் அளவிடுங்கள். புரதம் ஏறிக்கொண்டே சென்று ஓர் இடத்தில் நிற்கும். நொதித் திறன் பெரும்பாலும் அதற்கும் முன்பே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். அந்த உச்சம்தான் நீங்கள் நிறுத்த வேண்டிய நேரம். செல்கள் நூற்றுக்கு நூறும் உடைய வேண்டும் என்று ஆசைப்பட்டால், முதலில் வெளிவந்த நொதி கடைசிச் செல்லுக்காகக் காத்திருந்து கெடும்.

டொலுயீன் முறையில் கிடைத்த நொதித் திறனையும் அதே செல்லை உடைத்து எடுத்த திறனையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. உடைத்ததில் மிகக் குறைவாக இருந்தால் கருவியையோ இயக்கும் முறையையோ சந்தேகிக்கவும். பாக்டீரியாவைத் தள்ளிவிட வேண்டாம். அதன் ஒரு பகுதியைக் கிளிசரால் சேர்த்து உறைகுளிரில் சேமித்து வைத்துவிட்டே எந்தச் சோதனையையும் தொடங்கவும்.

சோனிகேட்டர் இயங்கும்போது காதடைப்பான் அணிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத திவலைகள் பறப்பதால் மூடிய பெட்டிக்குள் வைத்தே இயக்கவும். வேலை முடிந்தபின் முனையைத் தூய நீரில் சில வினாடி இயக்கிக் கழுவி, 70 சத சாராயத்தால் துடைத்து உலர வைக்கவும். முனையின் அடிப்பகுதி மங்கிச் சொரசொரப்பாகிவிட்டதா என்று மாதம் ஒருமுறை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து வரவும். குழி விழுந்த முனை செல்லைச் சரிவர உடைக்காது. மாதிரியில் டைட்டானியத் துகள்களையும் உதிர்க்கும்.